கழுவாமல் பூசிய வண்ணம்

ஊரப்பாக்கத்தில் எமது இல்லத்து வாசலில் நிற்பது, தந்தையார் விட்டுச் சென்ற மாருதி 800. 1983-இல் வெளிவந்த அவ்வகைக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. வெயிலில் நிறம் மங்கிய டாஷ்போர்டின் பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்றி, நாமே வண்ணம் பூசத் துணிந்தோம்.

பளபளப்புக்காகப் பல்லாண்டு தடவிய சிலிக்கான் பாலிஷைக் கழுவாமலே ஸ்பிரே அடித்தோம். வண்ணம் குழி குழியாக விலகிற்று. உடனிருந்த மகனைக் கடிந்துகொண்டோம். அவன் மறுமொழி கூறாது, பட்டைகளை உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவினான். எமக்கு நாணமாயிற்று, “பிழை எம்முடையதே, தம்பி” என்றோம்.

பின்னர் இருவருமாகப் பிளாஸ்டிக்குக்குரிய பிரைமர் அடித்து, மெல்லிய பூச்சாக மும்முறை, ஒவ்வொன்றும் உலரக் காத்திருந்து பூசினோம். இன்று பட்டைகள் தந்தையார் காலத்துப் பொலிவுடன் விளங்குகின்றன.

அன்பர்களே, இல்லத்து மனத்தாங்கலும் அத்தகையதே. கறையைக் கழுவிய பின்னரே வண்ணம் நிலைக்கும்.