18 மீட்டர் அட்டை

மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கும் நாள் குறித்த பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். அந்த ஊர்க்காரர்களான நானும் பக்கத்துத் தெரு அண்ணனும் ஸ்கூபா படிப்பில் பாதியை மின்சார ரயிலிலேயே முடித்ததில் ஆச்சரியமில்லை. பாடம் இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அழுத்தம், நைட்ரஜன், கைச்சைகை என்று படித்து, கேள்விகளுக்கு விடை தட்டிவிட்டால் கரையில் ஆக வேண்டியது ஆயிற்று. மிச்சம் நீச்சல் குளமும் கடலும்தான். பாண்டிச்சேரியில் அதற்கு மூன்று, நான்கு நாள்.

விடிவதற்கு முன்பே நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி, வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் வழியாக ஈசிஆரைப் பிடித்தோம். அண்ணன் தினமும் அதே சாலையில் எதிர்ப்பக்கம், மீஞ்சூர் நோக்கிப் போகிறவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அந்த வேலைக்கே உரிய சந்தேகம் அவரை விடவில்லை.

"டேங்குக்குள்ள ஒருத்தனை இறக்கணும்னா பெர்மிட் போடணும், உள்ள காத்தை டெஸ்ட் பண்ணணும், வெளிய ஒரு ஆள் நகராம நிக்கணும் தம்பி. இங்க என்னடான்னா, நாலு நாள்ல பெர்மிட்டை நம்ம கையிலயே கொடுத்துடுறாங்களே!"

நியாயமான கேள்வி. 1966-இல் தொடங்கிய பாடி என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'ஓப்பன் வாட்டர்' அட்டைதான் உலகெங்கும் அதிகம் புழங்குவது. 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும், குளத்தில் பயிற்சிகளைச் செய்துகாட்டி, கடலில் நான்கு முறை முங்க வேண்டும். அதன்பின் உங்களைப் போலவே அட்டை வைத்திருக்கும் ஒரு துணையோடு, பயிற்சியாளர் இல்லாமலே 18 மீட்டர் வரை போகலாம். இத்தனை மணி நேரம் படித்தாக வேண்டும் என்று கணக்கில்லை. செய்யத் தெரிந்தால் போதும் என்பதே விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

குளத்துப் பாடம் உண்மையிலேயே நல்ல பாடம். மூச்சை அடக்காதே என்பதுதான் அதில் முதல் கட்டளை. கிணற்றில் நீந்திப் பழகிய நமக்கு இது தலைகீழ். நாம் முங்கியதே மூச்சை அடக்கித்தான். ஆனால் சிலிண்டர் காற்றை நுரையீரல் நிறைய இழுத்து, அடக்கியபடி மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய அந்தக் காற்று விரியும். நாலடித் தண்ணீரிலிருந்து எழுந்தாலே நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. இன்னொரு கணக்கு: 18 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 2.8 மடங்கு. மேலே ஒரு மணி நேரம் வரும் சிலிண்டர் அங்கே 20 நிமிடம் சொச்சம்தான் தாங்கும். பதறி வேகமாக மூச்சு வாங்கினால் அதுவும் இல்லை.

கடலில்தான் விஷயம் புரிந்தது. பாண்டிச்சேரிக் கடல் அன்று பச்சைக் குழம்பாக இருந்தது; சில அடி தள்ளினால் துடுப்புக் காலணியின் நுனி மட்டும்தான் தெரியும். மணல்தரையில் மண்டியிட்டபடி, கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சியை அண்ணன் பிசிறில்லாமல் செய்தார். மறுநாள் அதையே மிதந்தபடி செய்யச் சொன்னார்கள். கண்ணாடியை ஊதுவதில் கவனம் போனதும் ஆள் தன்னையறியாமல் மேலே கிளம்பிவிட்டார். பயிற்சியாளர் எட்டி அவர் துடுப்பைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடியும் அவருக்கு வந்தது, மிதப்பதும் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் வரவில்லை. ஒரே நேரத்தில் இரண்டைச் செய்யக் கை பழகுவதற்கு நாலு நாள் போதாது. டைவிங் உலகிலேயே, மண்டியிட்டுக் கற்றுத்தருவதா, முதலிலிருந்தே மிதக்கவிட்டுக் கற்றுத்தருவதா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. நான் மிதக்கவிடும் கட்சி.

அதற்காக, பழக்கம் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் சிறு வயதிலிருந்தே கடலோடு வளர்ந்தவர்கள். படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, குழாய் வழியே மூச்சு வாங்கிக்கொண்டு நெடுநேரம் அடியில் இருக்கும் முறை வந்த பிறகு, மேலேறியதும் கைகால் விழுந்தவர்கள் அவர்களில் உண்டு. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவதுதான் காரணம். கடலை அவர்களுக்குக் கற்றுத்தர ஆள் வேண்டியதில்லை. நைட்ரஜனைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. நாங்கள் ரயிலில் படித்த அரைமணிப் பாடத்துக்கு அந்த மதிப்பு உண்டு.

ஆகவே குறுகிய படிப்பு மோசடி என்பதை ஏற்கமாட்டேன். என் குறை, அட்டை வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றியது. நம் நாட்டில் பெரும்பாலும் சுற்றுலா டைவிங்தான். சிலிண்டரை டைவிங் நடத்துபவர்களே மாட்டிவிடுவார்கள், எங்கே, எவ்வளவு ஆழம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள், நாம் வால்பிடித்துப் போவோம். பாதுகாப்புதான், ஆனால் திட்டமிடக் கற்ற அந்தக் கொஞ்சமும் மறந்துபோகும். இதற்கிடையே 'அட்வான்ஸ்டு' படிப்பு வேறு. முதல் அட்டை கிடைத்த மறுநாளே சேரலாம். இன்னும் ஐந்து முறை முங்கினால் 30 மீட்டருக்கு அனுமதி. மொத்தம் ஒன்பது முங்கல். கடலில் ஒரு பயிற்சியாளருக்கு எட்டு மாணவர்கள் வரை விதி இடம் தருகிறது. கலங்கிய தண்ணீரில் குறைத்துக்கொள்வது அவர் பொறுப்பு. அன்று நாங்கள் பார்த்த தண்ணீருக்கு இரண்டு பேரே அதிகம்.

கடைசி நாள், படகில் துவட்டிக்கொண்டிருந்த அண்ணன் பயிற்சியாளரிடம் கேட்டார்: "நாளைக்கு நானும் தம்பியும் மட்டும் சிலிண்டர் எடுத்துட்டு இங்க இறங்கலாமா?"

"அட்டைப்படி இறங்கலாம் சார்," என்றார் அவர். "ஆனா நான் தரமாட்டேன்."

அண்ணனுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. திரும்பும் வழியில் மரக்காணம் வருவதற்குள் தீர்மானமாகிவிட்டது: முங்கப் போகலாம் என்றிருந்த அந்தமானுக்கு டிக்கெட் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் இதே கலங்கிய தண்ணீருக்கு இன்னும் சில முறை வருவது, சிலிண்டரை நாங்களே பூட்டுவது, காற்றுக் கணக்கை இறங்குமுன் எழுதிவைப்பது, அதைப் பயிற்சியாளரிடம் காட்டித் திருத்தி வாங்குவது. அட்வான்ஸ்டு பற்றி அடுத்த வருடம் பேசலாம் என்றார்.