தோட்டம் போயிற்று, சுவர் நின்றது

பட்டினப்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கித் தெற்கே நடந்து, கிரீன்வேஸ் சாலையில் திரும்பியிருக்கிறீர்களா? திரும்பியவர்கள் அடையாற்றங்கரையில் கொத்தளம் வைத்த வெள்ளை மாளிகை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 'தென்றல்' என்று பெயர். அரசு இசைக் கல்லூரி இருப்பது அந்த வளாகத்தில்தான். பழைய பெயர் 'பிராடி காஸில்.' கும்பெனி உத்தியோகஸ்தர் ஜேம்ஸ் பிராடி 1790-களின் பிற்பகுதியில் கட்டியது. பாவம், மனுஷர் அதே அடையாற்றில் படகில் போனபோது மூழ்கிப் போனார்!

1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை அடுத்தடுத்து ஆண்ட நாலு ராஜாக்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர். அந்தக் காலத்துக் கட்டடங்களுக்குப் பேர் போன ஊர் 'பாத்.' அங்கே 1767-ல் தொடங்கி ஏழு வருஷத்தில் எழுந்தது 'ராயல் கிரெஸன்ட்.' பிறை போல் வளைந்த ஒரே வரிசையில் முப்பது வீடுகள். முகப்பு ஜன்னல்கள் அத்தனையும் தெருவைப் பார்த்தபடி!

அதே காலத்துத் துரைமார்கள் சென்னையில் என்ன செய்தார்கள்? ஹைதர் அலியின் குதிரைப் படைக்குப் பயந்து கோட்டையை அண்டியிருந்தவர்கள், 1792-ல் திப்புவோடு சமாதானம் ஆனதும் தாராளமாக வெளியே வந்தார்கள். ஏக்கர் கணக்கில் தோட்டம், நடுவே வீடு, வெயிலுக்கு வராந்தா, சலவைக்கல் போல் மின்னும் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. வீட்டுக்குள் காற்றும் நிழலும் அமோகம். ஆனால் தெரு? தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே மிஞ்சிய வழிதான் தெரு!

என் மாமியார் மயிலாப்பூர் மாட வீதியில் பிறந்து வளர்ந்தவர். ஒரு நாள் அந்தி நேரத்தில் அவரைக் கிரீன்வேஸ் சாலை வழியாக அழைத்துப் போனேன். பாதி தூரத்தில் நின்றுவிட்டார்.

"ஏண்டிம்மா, சுவரைப் பார்த்துண்டே எவ்வளவு தூரம் நடக்கிறது? எங்க தெருவிலே ராத்திரி கச்சேரி முடிஞ்சு தனியா வருவோம். திண்ணைக்குத் திண்ணை யாராவது உட்கார்ந்திருப்பா. பயமே தெரியாது."

யோசித்துப் பார்த்தேன். பாத் நகரத்து ஜன்னலும் மயிலாப்பூர்த் திண்ணையும் செய்த வேலை ஒன்றுதான்: தெருவில் போகிறவருக்குத் துணை. நாமோ இரண்டையும் விட்டுவிட்டோம். தோட்டங்கள் மனை மனையாக விற்றுப் போயின. சுவர் மட்டும் தங்கிவிட்டது. அரை கிரவுண்டு வீட்டுக்கும் ஆளுயரச் சுவர்!

வீடு கட்டப் போகிறீர்களா? சுவரை இடுப்பளவோடு நிறுத்துங்கள். கூடமோ சமையலறையோ, ஒரு ஜன்னலாவது தெருவைப் பார்க்கட்டும். அதில் விளக்கு எரிந்தால் போதும். டியூஷன் முடிந்து தனியே வரும் யார் வீட்டுப் பெண்ணோ நிமிர்ந்து நடப்பாள்.