ஜராசந்தன் ஊரில் முட்டைப் பந்து

ஓட்டப்பந்தயப் பெண்களை ரக்பிக்கு இழுக்கிறது பீகார். லாபம் யாருக்கு?

பாட்னாவிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில், ஐந்து குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது ராஜ்கீர். மகதத்தின் பழைய தலைநகர். பிரம்மகுண்டத்தின் வெந்நீரில் குளிக்கவும், புத்தர் உபதேசம் செய்த கழுகுமலையில் ஏறவும் ஆண்டு முழுவதும் கூட்டம் வருகிறது. வழியில் சிலாவ் என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்தி, அடுக்கடுக்காகப் பொரியும் காஜா வாங்காமல் யாரும் போவதில்லை. ஜராசந்தனின் மல்யுத்தக் களம் என்று ஓர் இடத்தையும் வழிகாட்டிகள் தவறாமல் காட்டுகிறார்கள். பீமன் அவனை இரண்டாகக் கிழித்து எறிந்த கதை இங்கே குழந்தைக்கும் தெரியும்.

அந்த ஊரில் இப்போது வேறொரு மல்லுக்கட்டு. 2024 ஆகஸ்டில் இங்கே விளையாட்டுப் பல்கலைக்கழகமும் பயிற்சி மையமும் திறக்கப்பட்டன. ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், 20 வயதுக்குட்பட்டோருக்கான ஆசிய ரக்பி செவன்ஸ் போட்டி இதே ஊரில் நடந்தது. உஸ்பெகிஸ்தானைத் தோற்கடித்து இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள்.

பீகாருக்கு ரக்பி எப்படி வந்தது? நாலந்தா மாவட்டத்தின் பதாரி கிராமத்தைச் சேர்ந்த விவசாயியின் மகள் ஸ்வேதா ஷாஹி முதலில் தடகள வீராங்கனை. அவரது ஓட்டத்தைப் பார்த்த மாநில ரக்பி சங்கத்தார், இந்த ஆட்டத்துக்கு வந்துவிடு என்றார்கள். ஊரில் பயிற்சியாளர் கிடையாது. யூடியூபில் பார்த்தே பழகினார். பிறகு இந்திய அணியில் இடம்பிடித்தார்.

சங்கத்தாரின் கணக்கு எளிமையானது. செவன்ஸ் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஏழே பேர். மைதானமோ பதினைந்து பேர் ஆடும் அதே முழு அளவு. ஒரு பாதிக்கு ஏழு நிமிடம். இடைவெளி கிடைத்தால் பிய்த்துக்கொண்டு ஓடத் தெரிந்தவர்தான் வேண்டும். ஓட்டக்காரிக்கு வேகம் கைவசம் இருக்கிறது. கபடி ஆடியவளுக்குப் பிடிக்கத் தெரியும், நழுவவும் தெரியும்.

ஆனால் சிக்கலும் அங்கேதான். தடத்தில் நேராக ஓடிப் பழகிய கால்கள் இங்கே வளைந்து ஓட வேண்டும். பந்தோடு முன்னால் ஓடலாம். கையால் எறியும்போது மட்டும் பின்னால்தான் எறிய வேண்டும். அடிபடாமல் விழுவதே முதல் பாடம். எல்லாவற்றையும்விடக் கடினம், வெற்றியைப் பங்கு போட்டுக்கொள்வது. 100 மீட்டரில் தனக்காக ஓடியவள், கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டபோதும் தோழிக்குப் பந்தைத் தர மனது வைக்க வேண்டும்.

இந்தியாவுக்கு இது புது ஆட்டமும் அல்ல. 1870களில் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ரக்பி கிளப் நடத்தினார்கள். டென்னிஸும் போலோவும் உறுப்பினர்களை இழுத்துக்கொள்ள, கிளப்பைக் கலைத்து, வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான். அன்று மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு. இன்று விவசாயி மகளுக்குப் பிழைப்பு.

பிழைப்பு என்பது வெறும் வார்த்தையல்ல. 'பதக்கம் கொண்டு வா, வேலையைப் பெறு' என்ற பீகார் அரசுத் திட்டம் வீரர்களுக்கு நேரடி அரசு வேலை தருகிறது. தனிநபர் போட்டியில் தங்கம் ஒருத்திக்கு மட்டும். ரக்பியில் அணி முழுவதற்கும். மகளை அரை டிராயரோடு மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் வீட்டிலும் இந்தக் கணக்கு எடுபடும்.

கேள்வி அதற்குப் பிறகுதான். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகில் சென்னை புல்ஸ் கோப்பையைத் தட்டிச் சென்றது. ஆனால் ஆடிய ஆறு அணிகளும் ஆண்கள் அணிகள். அன்று பெண்களுக்கு அரசு வேலையை விட்டால் வேறு சந்தை இருக்கவில்லை. வேலையோ பதக்கத்தோடு கட்டப்பட்டது. பதக்கம் கிடைக்காதவள், முழங்கால் பெயர்ந்தவள், அணியில் இடம் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்தவள் - இவர்கள் தடகளத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குப் படிப்பும் சிகிச்சையும் மாற்று வழியும் உண்டு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியது, அழைத்தவர்களின் பொறுப்பு.