‘சர்க்கரை இல்லை’ என்பதில் எது இல்லை?

சென்ற மாதம் ஒரு மாலை, ஆண்டாப் ஹில்லில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் அக்காவும் நானும் அரைமணி நேரம் நின்றிருந்தோம். அவள் இடுப்பில் ஏழு மாதப் பெண்குழந்தை. எதிரே மேசைமேல் மூன்று குழந்தை உணவு டப்பாக்கள். “எலேய், நீ மொழியியல் படிச்சவன்தானே? இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு. எதை வாங்க?” என்றாள். என் ஆய்வேட்டில் ஓர் இயல் முழுவதும் எதிர்மறைத் தொடர்களைப் பற்றியது. இருந்தும் அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

இந்தக் கவலைக்கு ஒரு முன்கதை உண்டு. குழந்தை பிறந்தது சயான் மருத்துவமனையில், 34ஆம் வாரத்தில். அக்காவுக்குப் பால் சுரக்கும்வரை முதல் சில நாள்கள் அவளைக் காத்தது முகமறியாத வேறு தாய்மார்களின் பால். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989ஆம் ஆண்டு மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால் அந்த மருத்துவமனையில்தான் தொடங்கப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கும் அந்த வரலாற்றை, மருமகள் பிறந்த பிறகே நான் அறிந்தேன். பிறக்கும்போதே எடை குறைந்த பிள்ளை என்பதால், ஆறு மாதம் முடிந்ததும் அண்டை வீட்டார் ஒவ்வொருவரும் ஒரு டப்பாவின் பெயரைச் சொல்லத் தொடங்கினர்.

அக்கா தாராவியில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு தையற்கூடத்தில் துண்டுக்கூலிக்குத் தைக்கிறாள். சட்டப்படியான 26 வார மகப்பேற்று விடுப்பு, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் அத்தகைய கூடங்களை எட்டுவதில்லை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் முழங்கால் வலியுள்ள அம்மா. வெந்நீரில் கரைத்து இரண்டு நிமிடத்தில் ஊட்டக்கூடிய உணவின் அருமை, அந்த வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ‘டப்பா உணவே நஞ்சு, அந்தக் காலத்துப் பெண்கள்…’ என்று தொடங்கும் அறிவுரைகளைக் கேட்கும் பொறுமை எனக்கு இல்லாமற் போனதும் அதனால்தான்.

அந்தக் காலத்து வழியையும் நாங்கள் முயலாமல் இல்லை. திருநெல்வேலியிலிருந்து ஆச்சி சத்துமாவு இடித்து, ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பினாள். முளைகட்டிய கேழ்வரகு, பாசிப்பயறு, நிலக்கடலை. ஆச்சியின் முறையில் அறிவியல் உண்டு. முளைகட்டும்போது தானியத்தில் உருவாகும் அமைலேஸ் நொதி, மாவுச்சத்தைச் சிதைத்துக் கூழை இளக்குகிறது. ஆகவே குழந்தை விழுங்கும் அளவு நீர்ப்பதத்திலேயே கூடுதல் மாவைச் சேர்க்க முடியும். இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் ஃபைட்டேட்டும் முளைகட்டினால் குறைகிறது. ஆனால் அது மும்பை மழைக்காலம். பத்தே நாளில் மாவில் பூஞ்சை வாடை. ஈரம்பட்ட நிலக்கடலையில் அஃப்லடாக்சின் என்னும் நச்சு உண்டாகக்கூடும் என்று படித்திருந்ததால், ஆச்சியிடம் சொல்லாமலே முழுவதையும் கொட்டினோம். ஆச்சி இன்றுவரை, “மாவு தீந்துட்டா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் தனியாகக் கடைக்குப் போய் மூன்று டப்பாக்களையும் படம் எடுத்து வந்தேன். பிறகு அவற்றை ஒரு பனுவலைப் படிப்பதுபோலப் படித்தேன்.

முதல் டப்பாவின் முகப்பில், ‘சுத்திகரித்த சர்க்கரை இல்லை’ என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடர். எதிர்மறையின் ஆட்சியெல்லை என்று மொழியியலில் ஒன்றைச் சொல்வோம்: ‘இல்லை’ என்னும் சொல் தொடரின் எந்த உறுப்பை மறுக்கிறது என்பது. ‘முருகன் நேற்று வரவில்லை’ என்றால் அவன் முந்தாநாள் வந்திருக்கக்கூடும். இங்கே மறுக்கப்பட்டது சர்க்கரை அன்று; ‘சுத்திகரித்த’ என்னும் அடை மட்டுமே. பின்பக்கப் பட்டியலில் வெல்லமும் பழச்சாற்றுச் செறிவும் இருந்தன. உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கில் தேன், பாகு, பழச்சாற்றுச் செறிவு யாவும் சர்க்கரையோடு ஒரே வரிசையில் வைக்கப்படுபவை. (தேனை ஒரு வயதுவரை தொடவே கூடாது, பச்சிளங்குழந்தைகளுக்குப் பாட்டுலிச நச்சு ஏற்படலாம்.) இரண்டாவது டப்பா ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்றது. உள்ளே மால்டோடெக்ஸ்ட்ரின். வகைப்பாட்டின்படி அது சர்க்கரை அன்று. ஆனால் வயிற்றுக்குள் விரைந்து குளுக்கோஸாகிவிடும். தொடர் பொய்யில்லை, அவ்வளவே. மூன்றாவது டப்பா எதையும் மறுக்கவில்லை. சர்க்கரை என்று வெளிப்படையாக, பட்டியலில் மூன்றாம் இடத்தில் அச்சிட்டிருந்தது.

அந்த இடவரிசைக்குப் பொருள் உண்டு. சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது நம் விதி. ஊட்டச்சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரையையும் சேர்த்த சர்க்கரையையும் தனித்தனியே காட்ட வேண்டும் என்பதும் விதி. சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு 8 கிராம் என்றிருந்தால், 50 கிராம் கரைக்கும் ஒரு வேளைக்கு 4 கிராம். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. சட்டம் இதைத் தடுப்பதில்லை. தேவையெனில், மொத்த மாவுப்பொருளில் 20 விழுக்காட்டுக்கு மிகாமல் சர்க்கரை சேர்க்க நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் இடந்தருகின்றன. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு வெளியிட்ட அறிக்கை இதனால்தான் பேசப்பட்டது. இந்தியாவில் விற்கும் செரெலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம் சேர்த்த சர்க்கரை. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அத்தகைய உணவு சர்க்கரை சேர்க்காமல் விற்கப்படுகிறது என்றது அவ்வறிக்கை. உள்நாட்டு வரம்புக்கு உட்பட்டதே என்று நிறுவனம் விளக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது.

நம் சட்டம் சொற்களைக் கவனிக்காத சட்டமும் அன்று. 1992ஆம் ஆண்டின் குழந்தைப்பால் மாற்றுகள் சட்டம், டப்பாவின்மேல் குழந்தை அல்லது பெண்ணின் படம் கூடாது என்கிறது. ‘ஹியூமனைஸ்டு’, ‘மெட்டர்னலைஸ்டு’ போன்ற சொற்களைப் பெயர் சுட்டியே தடுக்கிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டு வயது வரைக்குமான உணவுகளுக்கு விளம்பரமும் கூடாது. ஒரு அடைமொழிக்கு எவ்வளவு வலிமை உண்டு என்று அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. ஆனால் உணவு டப்பாவின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழிகள் விற்பவரின் விருப்பம். மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, கடைப்பலகைகளின் மராத்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் அக்காவுக்கு அந்தப் பின்பக்கம் வெறும் கோலம்.

இனிப்பை மட்டுமே பார்த்தாலும் தவறிவிடுவோம். தாயிடமிருந்து பெற்ற இரும்புச் சேமிப்பு ஆறு மாதமளவில் குறைந்துவிடும்; குறைமாதக் குழந்தைக்கு அதற்கும் முன்பே. கேழ்வரகில் கால்சியம் மிகுதி, இரும்பு அவ்வளவு இல்லை. இரும்பு செறிவூட்டிய டப்பா உணவின் உண்மையான பயன் அங்கேதான். குழந்தைகள் நல மருத்துவர் எழுதிய சொட்டு மருந்தும் தொடர்கிறது.

இறுதியில் வேறு கடையில் நான்காவதாக ஒரு டப்பாவை வாங்கினோம். அரிசி, பருப்பு, செறிவூட்டிய இரும்பு. இனிப்புக்கு எந்தப் பெயரும் இல்லை. நாளுக்கு ஒரு வேளை அது, மற்ற வேளைகளில் குழைத்த பருப்புச்சோறு, வேகவைத்த முட்டை, வீட்டிலேயே சிறிதளவாக முளைகட்டிய கேழ்வரகுக் கூழ். தாய்ப்பாலும் நிற்கவில்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் இதற்கு ‘இணை உணவு’ என்பார்கள். பாலுக்கு மாற்றாக அன்று, பாலோடு இணையாக. கலைச்சொல் ஆக்கத்தில் நாம் தோற்ற இடங்கள் பல உண்டு. இது அவற்றுள் ஒன்றன்று.

அக்கா டப்பாவின் மூடியில் ஒரு தாளை ஒட்டி, நான் சொல்லச்சொல்லத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள்: சுக்ரோஸ், குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின், பழச்சாற்றுச் செறிவு. தையற்கூடத்தில் மேலும் இருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டார்களாம். பட்டியலில் விடுபட்டவை இருந்தால் உணவு வேதியியல் பயிலும் நண்பர்கள் திருத்தித் தருக.

அம்மா முதல் நாள் கூழை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்பும் இல்ல, இனிப்பும் இல்ல, பிள்ள எப்படித் திங்கும்?” என்றாள். பிள்ளை கிண்ணத்தை வழித்துத் தின்றது. வரும் புதன்கிழமை எடை பார்க்கப் போகிறோம்.