சின்னம்மாவின் தலையிடி

இலங்கையில் போர் 2009இல் முடிந்தது. சின்னம்மாவின் உடம்புக்கு இன்னும் முடியவில்லை. ஹெலிச் சத்தம் கேட்டால் தோள் இறுகி, நெஞ்சு படபடத்து, நாள் முழுக்கத் தலையிடி. ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். அப்படிச் சொல்லி அனுப்புவதுதான் எனக்கு ஆத்திரம். நாம் யோசித்து முடிக்கும் முன்பே மூளையின் அமிக்டலா அந்தச் சத்தத்தை ஆபத்தென்று எடுத்துக்கொள்ளும். அட்ரினலின் சுரந்து தசைகள் இறுகிவிடும். இது நடிப்பில்லை.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம், மந்திர உச்சாடனம் எல்லாவற்றையும் சிகிச்சையில் சேர்த்தார். செத்தவீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்வதும் உடம்பு துயரை இறக்கும் வழி என்றே நம்புகிறேன். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அதற்கும் நேரமிருக்கவில்லை.

சின்னம்மா இப்போது மூச்சை மெதுவாக விடப் பழகுகிறா. இடையில் அழுகை வந்தால் நாங்கள் நிறுத்தச் சொல்வதில்லை.