குற்றப்பத்திரிகையில் இல்லாத சொல்

1997 ஜனவரியில், தான்சானியாவின் ஆருஷா நகரில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. ருவாண்டாவில் தாபா என்னும் வட்டாரத்தின் மேயராக இருந்த ழான்-போல் அகாயேசு குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். 1994இல் ஏறத்தாழ நூறு நாள்களுக்குள் துட்சி மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தாபாவில் மட்டும் குறைந்தது 2000 பேர் என்றது குற்றப்பத்திரிகை. இனப்படுகொலை, கொலை, சித்திரவதை என்று 12 குற்றச்சாட்டுகள். பெண்களுக்கு நடந்ததைப் பற்றி அதில் ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை.

விசாரணையில் ஒரு பெண் சாட்சி சொல்ல வந்தார். பாதுகாப்புக்காக அவருக்கு ஜே என்ற எழுத்து மட்டுமே பெயர். கொலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர், தன் அப்பாவைக் கொல்ல வந்தவர்களில் மூன்று பேர் தன் ஆறு வயது மகளை வன்புணர்வு செய்ததையும் சொன்னார். அந்தக் கேள்விக்காக அவர் அழைக்கப்படவில்லை. ஆனால் மூன்று நீதிபதிகளும் அதைக் காதில் வாங்கினார்கள், மேலும் கேட்டார்கள். வட்டார அலுவலகத்திலேயே இளம்பெண்களுக்கு இப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டதையும் ஜே சொன்னார். பிறகு எச் என்ற இன்னொரு பெண் வந்தார். சோளக்கொல்லையில் தனக்கு நடந்ததைச் சொன்னார். வட்டார அலுவலகத்துக்கு வெளியே மற்றப் பெண்களுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். அடைக்கலம் தேடி மக்கள் ஓடிவந்த அலுவலகம் அது. அகாயேசு உட்கார்ந்திருந்த அலுவலகம்.

பெண்கள் அமைப்புகளும் நீதிமன்றத்துக்கு எழுதின. 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. பாலியல் வன்முறை தொடர்பாக மூன்று குற்றச்சாட்டுகள் சேர்ந்தன.

நான் சட்டம் படித்தவள் இல்லை. சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்து, கல்லூரியில் தமிழ் நடத்தி, இடையிடையே கவிதை எழுதுகிறவள். இந்த வழக்குக்குள் என்னை இழுத்தது சட்டமில்லை, சொல். இவ்வளவு பெரிய கொடுமை இருக்கும்போது அதற்கான சொல் மட்டும் எப்படி விட்டுப்போகும்? யாரோ மறந்துவிட்டார்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சட்டத்தின் வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தால், அது தொடர்ந்து விட்டுப்போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

போர்ச் சட்டங்களின் நவீனக் கதையை 1859இல் சோல்ஃபெரினோ போர்க்களத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அங்கே காயம்பட்டுக் கிடந்த வீரர்களைப் பார்த்த ஆன்றி துய்னான் செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்டார். 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை வந்தது. அது பார்த்த உடல், காயம்பட்ட படைவீரனின் உடல். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863இல் பிறப்பிக்கப்பட்ட லீபர் விதிகளில் வன்புணர்வு பெயர் சொல்லித் தடைசெய்யப்பட்டது, மரண தண்டனைக்குரிய குற்றமாக. ஆனால் 1907இன் ஹேக் விதிகளில் அந்தச் சொல் போய், 'குடும்ப மானம்' வந்து உட்கார்ந்தது. குடும்பத்தின் மானமும் உரிமைகளும், உயிர்களும், தனியார் சொத்தும் மதிக்கப்பட வேண்டும் என்றது 46ஆம் விதி. அந்த வரிசையில் பெண் எங்கே இருக்கிறாள் என்று தேடினால், மானத்துக்குள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1945-46இல் நூரம்பர்க். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த எட்டுப் பேரும் ஆண்கள். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய சாசனத்தில் வன்புணர்வு என்ற சொல் இல்லை. சான்றுகள் வராமல் இல்லை, வந்தன. பிரெஞ்சு அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் பெண்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில், அந்தக் கொடூரமான விவரங்களைத் தவிர்ப்பதற்கு மன்றம் மன்னிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மேலே போனார். நாகரிகமான வாக்கியம்தான். கேட்பவர்கள் சங்கடப்படக் கூடாது என்கிற நாகரிகம். டோக்கியோ விசாரணையில் நாங்கிங் நகரத்துக் கொடுமைகள் பேசப்பட்டன. ஆனால் ஜப்பானிய ராணுவம் முகாம்களில் அடைத்துவைத்த ஆசியப் பெண்களுக்காக அங்கே யாரும் கூண்டில் ஏற்றப்படவில்லை. அவர்களில் ஒருவரான கிம் ஹாக்-சுன் தென்கொரியாவில் தன் பெயரோடும் முகத்தோடும் பொதுவெளியில் பேசியது 1991இல். போர் முடிந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கு நடுவே 1949இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை வந்தது. அதன் 27ஆம் பிரிவு வன்புணர்வைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. ஆனால் எப்படித் தடுக்கிறது? பெண்ணின் மானத்தின் மீது நடக்கும் தாக்குதலாக. உடல்மீது நடந்த வன்முறை மறுபடியும் மானக்கேடு ஆகிவிட்டது.

தமிழ் படிக்கும் பெண்களுக்கு இந்த இடம் புதிதாக இருக்காது. நம் செய்தித்தாள்கள் பல பத்தாண்டுகள் 'கற்பழிப்பு' என்றே எழுதின. அந்தச் சொல்லை உடைத்துப் பார்த்தால், அழிந்தது அவளுடைய கற்பு. அழித்தவன் சொல்லுக்கு வெளியே நிற்கிறான். காயம்பட்ட உடலும் வெளியே நிற்கிறது. கற்பு போனவள் மட்டும் உள்ளே. பெண்ணிய இயக்கங்கள் சண்டை போட்டுத்தான் 'பாலியல் வன்முறை', 'வன்புணர்வு' என்ற சொற்கள் புழக்கத்துக்கு வந்தன. 2024 ஜூலையில் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும், நாம் மானபங்கம் என்று சொல்லிவரும் குற்றம் பழைய வாசகத்தோடுதான் 74ஆம் பிரிவில் குடியேறியது.

ஆருஷா தீர்ப்பில் என்னை நிறுத்திவைத்த பகுதி சில பத்திகள்தான். சாட்சிகள் பேசியது கின்யார்வாண்டா மொழி. நடந்ததைச் சொல்ல அவர்கள் நான்கு சொற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் நான்கையும் 'வன்புணர்வு' என்றே பெயர்த்தார்கள். நீதிபதிகள் மொழிபெயர்ப்பாளர்களை அழைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு, தீர்ப்பிலேயே பதிந்தார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள், ஒருவரை முறைகேடான உறவுக்கு உட்படுத்துவது. இன்னொன்றுக்கு, பெண்ணோடு உடலுறவு கொள்வது. அவள் சம்மதித்தாளா இல்லையா என்பது அந்தச் சொல்லில் இல்லை. மூன்றாவது, சேர்ந்து படுப்பது. நான்காவது 'குஃபாதா கு ங்குஃபு'. எந்தப் பொருளையும் பலவந்தமாக எடுத்துக்கொள்வது என்று பொருள். வன்புணர்வுக்கும் அதே சொல்.

பொருளைப் பறிப்பதற்கும் பெண்ணைச் சிதைப்பதற்கும் ஒரே சொல். ஆங்கிலத்து 'ரேப்' என்ற சொல்லின் லத்தீன் வேரும் பறித்துக்கொண்டு போவதைத்தான் குறிக்கும். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 'கொண்டி'.

கொண்டி என்றால் கொள்ளை, கொள்ளையடித்த பொருள். பட்டினப்பாலையில் 'கொண்டி மகளிர்' வருகிறார்கள். பகைவர் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்கள் என்று உரை சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் அவர்கள் நீர்த்துறையில் மூழ்கி எழுந்து, அந்தியில் அணையா விளக்கை ஏற்றுகிறார்கள். புதிதாக வந்தவர்கள் தங்கும் பொதியில் அது. நகரத்தின் அழகுகளில் ஒன்றாக அந்தக் காட்சி கடந்துபோகிறது. மதுரைக்காஞ்சியிலும் கொண்டி மகளிர் உண்டு. அங்கே அந்தத் தொடருக்குப் பரத்தையர் என்று பொருள், ஆண்களிடம் பொருளைக் கொள்ளை கொள்கிறவர்கள். ஒரே தொடரில் கொள்ளையடிக்கப்பட்டவளும் கொள்ளைக்காரியும்! எந்த வழியாக ஒருத்தி மற்றவளானாள் என்று இலக்கண நூல்கள் சொல்லாது.

முதுகலை வகுப்பில் இந்தப் பகுதியை நடத்திய ஒரு நாள், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அருகிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவள். அதிகம் பேசமாட்டாள்.

"அவங்களுக்கு விளக்கேத்துற வேலை மட்டுந்தான் குடுத்தாங்களா, அம்மா?"

யாரும் சிரிக்கவில்லை. பாடத்தில் பதில் இல்லை என்றேன். உரைகளிலும் இல்லை. அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று மொத்த வகுப்புக்கும் சொன்னேன்.

போர் அறம் பற்றி நம் மேடைகளில் பேச்சு வந்தால் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு வந்துவிடும். பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்னறிவிப்புச் செய்யும் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. ஜெனீவாவுக்கு முன்பே நம்மிடம் இருந்தது என்பார்கள். இருந்தது உண்மைதான், நானும் பெருமையோடு நடத்துவேன். ஆனால் அதே நெட்டிமையார் அதே மன்னனை 15ஆம் பாட்டிலும் பாடியிருக்கிறார். அங்கே அவன் பகைவர் ஊர்த் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்குகிறான். அதுவும் புகழ்தான். அந்தத் தெருக்களில் குடியிருந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒன்பதாம் பாட்டில் விடை கிடையாது. ஒருவேளை பட்டினப்பாலையின் விளக்கொளியில் கிடைக்கலாம். விதி எழுதுவது ஒன்று, மீறியவனை நிறுத்திக் கேட்பது வேறொன்று. நம் பழைய பாட்டிலும் சரி, 1907இன் ஹேக் நகரிலும் சரி, முதலாவது மட்டும் இருந்தது.

நிறுத்திக் கேட்டது ஆருஷா. 1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு வந்தது. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒருவரைச் சர்வதேச நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்தது அதுவே முதல்முறை. ஒரு மக்கள் கூட்டத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் வன்புணர்வும் இனப்படுகொலையே என்று சொன்னதும் அதுவே முதல்முறை. அகாயேசு தன் கையால் யாரையும் வன்புணர்வு செய்ததாக நிரூபணம் இல்லை. தன் அலுவலக வளாகத்தில் நடந்ததை அறிந்து, தடுக்காமல், ஊக்கப்படுத்தினார் என்பது நிரூபணமானது. ஆயுள் தண்டனை.

அந்தத் தீர்ப்பு வன்புணர்வுக்கு வரையறை தேடியபோது, எந்த உறுப்பு எங்கே பட்டது என்று பட்டியலிட மறுத்தது. சித்திரவதையை அப்படிப் பட்டியலிட்டு வரையறுக்க முடியாது, இதையும் முடியாது என்றது. பலவந்தச் சூழலில் ஒருவர்மீது பாலியல் தன்மையோடு நிகழும் உடல் ஊடுருவல் என்றது. ஆயுதம் ஏந்தியவர்கள் சூழ்ந்து நிற்கும்போது, அந்தச் சூழலே பலவந்தமாக இருக்க முடியும் என்றது. மானம் என்ற சொல்லின் துணை இல்லாமலே இது குற்றமாயிற்று.

அந்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. நம்மூர்ப் பத்திரிகைகள் அவரைத் 'தமிழ்ப் பெண்' என்று கொண்டாடும். கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்கா போன தமிழர்களின் வழிவந்தவர், டர்பனில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள். 1967இல் தனியாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார். நேட்டாலில் வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அப்படித் திறந்தது அதுவே முதல். நிறவெறி ஆட்சியில் நீதிபதியின் அறைக்குள் அவர் காலெடுத்து வைக்க முடியாது. 1995இல் தானே நீதிபதியானபோதுதான் முதன்முதலாக அந்த அறைக்குள் போனார். நான் அவரைக் கொண்டாடுவது அவருடைய தமிழுக்காக இல்லை. எந்த அறைகள் யாருக்கு மூடியிருக்கும் என்பதை உடம்பால் அறிந்த ஒருவர் அந்த மேடையில் இருந்தார், அதற்காக.

ஒரு பெண் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. 2001இல் அதே ஆருஷாவில் வேறொரு வழக்கு நடந்தது. வன்புணர்வுக்கு ஆளான பெண்ணை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோது, நீதிபதிகள் சிரித்துவிட்டார்கள். சாட்சியைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று விளக்கம் வந்தது. அவருடைய காதில் விழுந்தது சிரிப்பு மட்டும்தானே? அந்த வழக்கின் குற்றவாளிகளில் ஒருவர் பொலீன் நியிராமாசுஹுகோ. இனப்படுகொலை நடந்தபோது ருவாண்டாவின் குடும்ப நல, பெண்கள் முன்னேற்ற அமைச்சர். வன்புணர்வை மானுடத்துக்கு எதிரான குற்றமாகக் கொண்டு சர்வதேச நீதிமன்றம் தண்டித்த முதல் பெண் அவர்தான், 2011இல். பெண்ணியம் பேசும் நாம் இந்தப் பெயரை விட்டுவிட்டு ஜே-யை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

2013 ஆகஸ்டில், ஐ.நா. மனித உரிமை ஆணையராக நவநீதம் பிள்ளை இலங்கைக்குப் போனார். அவரைப் புலி என்று வசைபாடினார்கள். அமைச்சர் ஒருவர், அவரை மணந்துகொள்ளத் தயார் என்று வெளிப்படையாகப் பேசினார். போர்க்குற்றம் பற்றிக் கேட்க வந்த எழுபது வயது தாண்டிய நீதிபதிக்கு அந்த நாட்டு அமைச்சர் ஒருவர் தந்த பதில் அது. மறு ஆண்டு மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை மன்றம் விசாரணைக்கு வழிசெய்தது. 2015 செப்டம்பரில் அறிக்கை வந்தது. தடுப்புக்காவலில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடந்த பாலியல் வன்முறைகள் அதில் பதிவாகியிருக்கின்றன.

அதற்கு மேல் நகரவில்லை. ருவாண்டாவுக்கு 1994இலேயே பாதுகாப்பு அவை நீதிமன்றம் அமைத்தது. இலங்கைக்கு அமைக்கவில்லை. 1998இல் உருவாகி 2002இல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனம், வன்புணர்வையும் பாலியல் அடிமைத்தனத்தையும் கட்டாயக் கருவுறலையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது. அந்தச் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை.

சொல் கிடைத்துவிட்டது. சட்டமும் எழுதப்பட்டுவிட்டது. ஜெனீவாவில் 2021 முதல் ஓர் அலுவலகம் இலங்கைக்கான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாத்துவருகிறது, என்றாவது ஒரு நீதிமன்றம் கேட்கும் என்று. அந்தக் கோப்புகளிலும் பெயருக்குப் பதிலாக எழுத்துகளோ எண்களோ இருக்கும். ஆருஷாவில் சாட்சி சொல்ல வந்தவரைக் கேட்க மூன்று நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே சொல்ல ஆள் இருக்கிறது, சொல்லியும் ஆகிவிட்டது. எதிரே இருக்க வேண்டிய மூன்று நாற்காலிகள் இன்னும் காலியாகக் கிடக்கின்றன.