இடங்கையும் வலங்கையும்

வலது கைக்கு நம் நாட்டில் இருக்கும் மரியாதையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயிலை வலமாகச் சுற்றுகிறோம். புது மணப்பெண் வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் வருகிறாள். இடது கையால் காசு கொடுத்தால், அது எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் வாங்குகிறவர் முகம் சுளிக்கிறார். ஆயினும் சிவபெருமான் உமையவளுக்குக் கொடுத்தது இடப்பாகத்தைத்தான். இப்படி இடமும் வலமும் வேறு கணக்கில் ஓடுகிற நாட்டில், அரசியல் கட்சிகளை இடதுசாரி, வலதுசாரி என்று பிரிப்பது எவ்வளவு தூரம் பொருந்தும்?

இந்தக் கேள்வியைக் கிளப்பியது அயர்லாந்திலிருந்து வந்த ஒரு கடிதம். என் நண்பரின் மகள் டப்ளினில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். “மாமா, இங்கே இரண்டு பெரிய கட்சிகள். எது இடது, எது வலது என்று கேட்டால் ஒருவரும் நேராகப் பதில் சொல்வதில்லை. தாத்தா எந்தக் கட்சியோ பேரனும் அந்தக் கட்சி என்கிறார்கள். நம் ஊர் மாதிரியே இருக்கிறது” என்று எழுதியிருந்தாள்.

பெண் சரியாகத்தான் கவனித்திருக்கிறாள். பியன்னா பாயில், பினே கேல் என்னும் அந்த இரு கட்சிகளையும் பிரித்தது முதலாளியா தொழிலாளியா என்ற வழக்கு அல்ல. 1921இல் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்பதா, மறுப்பதா என்ற சண்டை. அதற்காக 1922லும் 1923லும் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே துப்பாக்கி பிடித்தார்கள். மறுத்தவர்களின் தலைவரான டி வலேரா 1926இல் முதல் கட்சியைத் தொடங்கினார். ஏற்றவர்களின் வழியில் 1933இல் இரண்டாவது கட்சி வந்தது. பொருளாதாரத்தில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. 2020இல் இரண்டும் சேர்ந்தே மந்திரிசபை அமைத்தன!

இடது, வலது என்ற பேச்சே ஒரு சபையில் நாற்காலி போட்ட கதைதான். 1789இல் பிரெஞ்சு தேசத்துச் சபையில், அரசனுக்குச் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்புறம் உட்கார்ந்தார்கள். கூடாதென்றவர்கள் இடப்புறம் போனார்கள். நம் சட்டசபையிலோ ஆளும் கட்சிக்குச் சபாநாயகரின் வலப்பக்கம், எதிர்க்கட்சிக்கு இடப்பக்கம். தேர்தலில் தோற்றவர் கொள்கையை மாற்றிக்கொள்ளாமலே இடதுபுறம் வந்துவிடுகிறார்!

பிரெஞ்சுக்காரர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழன் இந்தப் பிரிவினையைச் செய்துவிட்டான் என்பதை மறந்துவிடுகிறோம். வலங்கை, இடங்கை என்ற பிரிவுகள் சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே வருகின்றன. வேளாளர் வலங்கை, கம்மாளர் இடங்கை. கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதற்கெல்லாம் மண்டை உடைந்தது. 1707இல் தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது சென்னையில் கலகம் முற்றி, பெத்துநாயக்கன்பேட்டையை வலங்கையாருக்கும் முத்தியாலுப்பேட்டையை இடங்கையாருக்கும் ஒதுக்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். செல்வரெல்லாம் ஒரு கையிலும் ஏழைகளெல்லாம் மற்றொரு கையிலும் இருக்கவில்லை. இரண்டிலும் மேலே வியாபாரியும் மிராசுதாரரும் இருந்தார்கள். கீழே கூலிக்காரர் இருந்தார். அவர் தம் கையின் மானத்துக்காகத் தடியெடுத்து, எதிர்க்கையிலிருந்த மற்றொரு கூலிக்காரரின் தலையில் அடித்தார்.

நம் கட்சிகளும் பிரெஞ்சுக்காரர்களைவிட இந்த வலங்கை இடங்கைக்கே உறவினர் என்று எனக்குத் தோன்றுகிறது. 1955இல் ஆவடியில் காங்கிரஸ் சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அது பிடிக்காத ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1964இல் கம்யூனிஸ்டுக் கட்சியே உடைந்து, ஜனங்களின் வாயில் இடது கம்யூனிஸ்டு, வலது கம்யூனிஸ்டு என்று இரண்டாயிற்று. இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த பிறகு 1967 தேர்தலில் நடந்தது என்ன? தி.மு.க.வின் ஒரு பக்கத்தில் ராஜாஜி. மற்றொரு பக்கத்தில் இடது கம்யூனிஸ்டான பி. ராமமூர்த்தி. அந்தக் கூட்டணி ஜெயித்து, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாதுரை முதல் மந்திரியானார். எம்.ஜி.ஆர். தம் கொள்கைக்கு ‘அண்ணாயிசம்’ என்று பெயர் வைத்து, முதலாளித்துவம் முதல் பொதுவுடைமை வரை எல்லாவற்றிலும் உள்ள நல்லதன் கூட்டு என்று விளக்கினார். பின்னாளில் இரண்டு கழகங்களும் பாரதிய ஜனதாவோடும் சேர்ந்தன. செங்கொடிக் கட்சிகளோடும் சேர்ந்தன. மொழி, சாதி, மாநில உரிமை என்று நம் கட்சிகள் பிரிந்த காரணங்கள் வேறு. அவை சிறியவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு என்ற கேள்வி அவற்றுக்கடியில் புதைந்துபோயிற்று.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய ஊர். கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, நடவு முடித்துக் கரையேறிய ஓர் அம்மாள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். பேச்சு தேர்தலில் வந்து நின்றது. “இடது கட்சி, வலது கட்சி என்கிறார்களே, உங்களுக்கு எது அம்மா?” என்று கேட்டேன்.

“நடவுக்கு எறங்கினா எடமும் இல்ல, வலமும் இல்ல தம்பி. குனிஞ்ச தலையோட பின்னாலேயேதான் போவணும்” என்றார்.

அவருக்குச் சொந்த நிலம் கிடையாது. ரேஷன் அரிசி உண்டு. 2008இல் ஒரு கட்சியின் ஆட்சி அதைக் கிலோ ஒரு ரூபாய் ஆக்கிற்று. 2011இல் வந்த மறு கட்சியின் ஆட்சி இலவசமாக்கிற்று. இருவரையும் அவர் வாழ்த்துகிறார். வாழ்த்த வேண்டியதுதான், பட்டினியை விரட்டியது சின்னக் காரியமல்ல. அவர் நாற்று நட்ட வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் செட்டுக்கும் மின்சாரம் இலவசம். அது நிலம் உள்ளவருக்கு. ஒரு கையால் இவருக்கு அரிசி, மறு கையால் அவருக்கு மின்சாரம். இடையில் வரப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வரப்பைத் தொட்ட சட்டங்களும் உண்டு. 1961இல் காங்கிரஸ் ஆட்சி ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு கட்டியது. 1970இல் தி.மு.க. ஆட்சி அதை 15 ஆகக் குறைத்தது. சட்டப் புத்தகத்தில் அவை பெரிய அடிகள். மாகறல் அம்மாளின் வீட்டு வாசல் வரை அவை வந்து சேரவில்லை.

புதைந்த கேள்வியை வெளியே எடுத்துக் கேட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குக் கீழவெண்மணி சாட்சி. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவில் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். அப்போது நடந்தது ஏழைகளின் வாக்கால் வந்த ஆட்சி. அந்தச் செங்கொடிக் கட்சி முந்தைய ஆண்டுத் தேர்தலில் அதன் தோழமைக் கட்சி. பெயர்ப் பலகையில் எந்தத் திசை எழுதியிருந்தாலும் அந்த இரவில் அது யாருக்கும் உதவவில்லை.

மாகறலுக்கு அடுத்தாற்போல் இருக்கும் உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. நாம் அதை ஜனநாயகத்தின் தாய் என்று கொண்டாடுகிறோம். அதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சபையில் உட்கார முதல் தகுதி, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம்! வேதம் கற்றவராகவும் இருக்க வேண்டும். நடவு நட்டவர் பெயரைக் குடத்தில் போட அங்கே ஓலையே இல்லை. ஆனால் அதே கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் மறுபடி சேர்க்காதே என்கிறது.

ஒரு கட்சி எந்தப் பக்கம் என்று அறிய எனக்கு இந்த இரண்டு வரிகள் போதும். கால் வேலி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே வழக்கு வந்தபோது நீ எங்கே நின்றாய்? ஆண்ட காலத்துக்குக் கணக்கு எங்கே? வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டியவை இவைதாம். நம் தாத்தா எந்தக் கையில் இருந்தார் என்பதை அவர் நமக்கு நினைவூட்ட வேண்டாம்.